சாயத்தைத் தின்னும் கிருமி உப்பைத் தின்னுமா?

ராத்திரி எந்தக் கலர் துணிக்குச் சாயம் போட்டார்கள் என்பதை, விடிந்ததும் சாக்கடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு நாள் சிவப்பு. மறுநாள் பச்சை. சில நாள் கறுப்பா, ஊதாவா என்று தெரியாத ஒரு நிறம். பள்ளிபாளையத்தில் வயசானவர்கள் இதைப் பார்த்து இப்போது முகம் சுளிப்பது கூட இல்லை. பழகிவிட்டது.

அந்தச் சாக்கடை ஓடையில் சேர்கிறது. ஓடை காவிரியில் சேர்கிறது. காவிரித் தண்ணீரை நம்பி, கீழே கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று வரிசையாகச் ஜனங்கள் இருக்கிறார்கள்.

"இந்தச் சாயத் தண்ணியைத் தின்கிற கிருமி வந்தாச்சாமே! ஒரு மூட்டை பவுடர் கொட்டினால் ஆறு சுத்தமாகிடுமாமே!" என்ற பேச்சு சில காலமாகவே டீக்கடைகளில் அடிபடுகிறது. பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் ஆபத்து.

ஆற்றங்கரையில் இருந்தும் தண்ணீர் இல்லை!

பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டம். பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. வெளியூர்க்காரர்களுக்குப் 'பள்ளிபாளையம் சிக்கன்' என்றால்தான் ஊர் ஞாபகம் வரும். ஆனால் ஊருக்குச் சோறு போடுவது கோழி அல்ல, விசைத்தறி. தறி இருந்தால் நூல் வேண்டும். நூலுக்குச் சாயம் வேண்டும். சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் சாயப்பட்டறைகள் ஆற்றை ஒட்டியே முளைத்தன.

1989-ல் தமிழக அரசு ஒரு உத்தரவு போட்டது. முக்கிய ஆறுகளின் கரையிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் கடும் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை எதுவும் புதிதாக வரக்கூடாது என்றது அந்த உத்தரவு. 1998-ல் இன்னொரு உத்தரவு வந்தது. காவிரி உள்ளிட்ட சில ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோ மீட்டராக்கினார்கள்.

உத்தரவு உத்தரவாக இருக்கிறது. அனுமதி இல்லாத பட்டறைகளும் இருந்தன, இருக்கின்றன. மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் திடீர் சோதனை நடத்துவதும், மின்சார இணைப்பைத் துண்டிப்பதும், பொக்லைன் எந்திரத்தைக் கொண்டு வந்து தொட்டிகளை இடிப்பதும் பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் அடிக்கடி வரும் செய்தி. இடித்துவிட்டுப் போன பிறகு வேறு இடத்தில் வேறு பெயரில் தொட்டி கட்டுவதும் உண்டு. மழை வந்தால் சிலருக்குக் கொண்டாட்டம். மழைத் தண்ணீரோடு திறந்துவிட்டால் சாட்சி இல்லை!

2018-ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் மாசுபட்ட 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டது. மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரி அதில் முதல் வரிசையில், அதாவது மிக மோசமான வகையில், இடம் பெற்றது. பள்ளிபாளையம் அந்த நீளத்துக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தி. காவிரிக் கரையிலேயே இருக்கிற ஈரோடு மாநகரம், தன் குடிநீருக்காகப் பவானிக்கும் மேலே ஊராட்சிக்கோட்டை வரை போய்க் குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டி வந்தது. ஏறத்தாழ 484 கோடி ரூபாய்த் திட்டம். வாசலில் ஆறு ஓடுகிறது, தண்ணீருக்கு அடுத்த ஊருக்குப் போகிறோம் என்ற கதைதான்!

தீனி போட்டு வளர்க்கும் கிருமி

கிருமி என்றாலே காய்ச்சல், பேதி என்று நினைப்பவர்கள் உண்டு. பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் கிருமிதான். குப்பைக் குழியில் போட்ட சாணமும் இலையும் ஆறு மாதத்தில் எருவாவது கிருமிகள் தின்று தீர்ப்பதால்தான். நோய் உண்டாக்கும் கிருமிகள் மொத்தக் கூட்டத்தில் ரொம்பக் குறைவு.

இந்தக் கூட்டத்தைச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வேலைக்கு வைக்கலாம் என்று காட்டியவர்கள் இங்கிலாந்து மான்செஸ்டர்க்காரர்கள். அதுவும் பஞ்சாலை ஊர்தான்! எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர், 1914-ம் ஆண்டு தங்கள் சோதனை முடிவை வெளியிட்டார்கள். சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதினார்கள். அடியில் தங்கிய சேற்றை வழக்கம் போலக் கீழே கொட்டாமல், அடுத்த முறை வந்த சாக்கடைத் தண்ணீரோடு கலந்து மறுபடியும் காற்று ஊதினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததும், வாரக் கணக்கில் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அந்தச் சேறு முழுக்கப் பசியோடு இருக்கும் கிருமிப் பட்டாளம்! இன்றைக்கு உலகம் பூராவும் நகரச் சாக்கடை நிலையங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த முறைதான்.

பள்ளிபாளையத்துக்கும் இது புதிதல்ல. 1960-ல் தொடங்கப்பட்ட சேஷசாயி காகித ஆலை இங்கேதான் இருக்கிறது. காகித ஆலைக் கழிவில் இருப்பது மரம், கரும்புச் சக்கையிலிருந்து கரைந்து வரும் சத்து. கிருமிக்கு அது விருந்து. பக்கத்து ஓடப்பள்ளியில் 1984-ல் வந்த சர்க்கரை ஆலையின் சக்கை காகிதத்துக்குப் போகிறது. காகித ஆலையில் சுத்திகரித்த தண்ணீர் ஏற்றுப்பாசனத்தில் கரும்பு வயலுக்குப் போகிறது. அந்தக் கரும்பு மறுபடியும் சர்க்கரை ஆலைக்கு வருகிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூட இந்தச் சுற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உள்ளூரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

கொஞ்சம் கீழே, கரூர் மாவட்டம் புகழூர் காகித ஆலையில் இன்னொரு வித்தை. சக்கை கழுவிய தண்ணீரைக் காற்றுப் படாத மூடிய கலத்தில் விடுகிறார்கள். அங்கே வேலை செய்வது காற்றே வேண்டாத கிருமி. சாண எரிவாயுக் கலத்தில் இருக்கும் அதே சாதி. அது விடும் வாயுவைப் பிடித்துச் சுண்ணாம்புச் சூளையில் எரிக்கிறார்கள். எண்ணெய்ச் செலவு மிச்சம்.

கிருமியைச் சும்மா விட்டால் வேலை செய்யாது. தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும். காற்று ஊதும் மோட்டார் சில மணி நேரம் நின்றாலே பட்டாளம் தவிக்க ஆரம்பித்துவிடும். கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவாக இருந்தால் யூரியாவும் டி.ஏ.பி.யும் போட வேண்டும். ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே உரம்தான்! புளிப்பும் காரமும் நடுவாக இருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. நிலையத்தை நடத்துபவர் நல்லவராக இருந்தால் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். மணி போன்ற தலையோடு காம்பில் ஆடும் சிறு உயிர்கள் நிறையத் தெரிந்தால் தொட்டி நலம். அவற்றைக் காணவில்லை என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

மாட்டை வளர்ப்பது போலத்தான் இதுவும். நேரத்துக்குத் தீனி, காற்று, கவனிப்பு எல்லாம் வேண்டும்.

மீனைக் கொன்றது யார்?

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் உடனே "விஷம் கலந்துட்டாங்க" என்பார்கள். சில சமயம் அது சரி. பல சமயம் உண்மைக் கொலையாளி வேறு ஆள்.

கழிவு ஆற்றில் விழுந்தால், ஆற்றில் ஏற்கெனவே இருக்கிற கிருமிகள் அதைத் தின்ன ஆரம்பிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். வசதியான சூழ்நிலையில் சில வகைக் கிருமிகள் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அத்தனையும் மூச்சு விட வேண்டுமே! நம் ஊர் வெயிலில் நல்ல ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மீன் பிழைக்க 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது வாரியம் வைத்திருக்கிற கணக்கு. கிருமிக் கூட்டம் விருந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் மீனுக்கு உரிய காற்றையும் சேர்த்து முடித்துவிடும். விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அப்புறம் மிதக்கும்.

தொட்டியில் துப்புரவு வேலை செய்யும் அதே கிருமி, ஆற்றில் கொலைகாரன் ஆகிவிடுகிறது. தொட்டியில் காற்றை மோட்டார் கொடுக்கிறது. ஆற்றில் மீனிடமிருந்து பறிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பள்ளிபாளையம் பகுதிக் காவிரிக்கு இதில் கூடுதல் கஷ்டம். மின்சாரம் எடுக்க ஓடப்பள்ளி, சமயசங்கிலி என்று அடுத்தடுத்துக் கதவணைகள் இருக்கின்றன. தண்ணீர் பாய்ந்து ஓடாமல் ஏரி போல நிற்கிறது. பாறையில் மோதி ஓடும் தண்ணீர் தானே காற்றை இழுத்துக்கொள்ளும். நிற்கும் தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. மேலே ஆகாயத்தாமரை வேறு பாய் விரித்தது போல மூடிக்கொள்ளும்.

நிறம் போச்சு, விஷம் போச்சா?

சாயத்துக்கு வருவோம். பருத்தித் துணிக்குப் போடும் சாயம் முழுவதும் துணியில் ஒட்டாது. சாயத்தின் வகையையும் நிறத்தையும் பொறுத்து நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பங்கு வரை தண்ணீரிலேயே தங்கிவிடும். சாக்கடையில் ஓடுகிற கலர் அதுதான்.

சந்தையில் கிடைக்கும் சாயங்களில் பாதிக்கு மேல் 'அசோ' என்ற இனம். இந்தச் சாயத்தின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கை கோத்து நிற்கும். அந்தக் கைப்பிடிதான் நிறத்தைக் கொடுக்கிறது. காற்றில்லாத தொட்டியில் வாழும் கிருமி அந்தக் கைப்பிடியை வெட்டிவிடும். உடனே நிறம் மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும்! பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள்.

இங்கேதான் ஏமாறக் கூடாது. வெட்டுப்பட்ட துண்டுகள் 'அமீன்' எனப்படும் ரசாயனங்கள். சில சாயங்களிலிருந்து வரும் அமீன்கள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. இதனால்தான் 1994-ல் ஜெர்மனி குறிப்பிட்ட அசோ சாயங்களைத் தடை செய்தது. 1990-களிலேயே இந்தியாவும் தடை போட்டது. தடை செய்யாத சாயங்களின் துண்டுகளும் பால் பாயசம் அல்ல.

முதல் தொட்டியோடு நிறுத்தினால் கலர் விஷத்தைக் கலரில்லாத விஷமாக மாற்றியதுதான் மிச்சம். அடுத்து காற்று ஊதும் தொட்டி வேண்டும். அங்கே இருக்கும் வேறு கிருமிகள்தான் அமீன்களைத் தின்னும். முதலில் காற்றில்லாமல், பிறகு காற்றோடு என்ற இந்த வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டும். செத்த மரத்தில் படரும் ஒருவகை வெள்ளைப் பூஞ்சையும் சாயத்தைச் சிதைக்கும். மரத்தின் கெட்டித் தசையைக் கரைக்க அது சுரக்கும் ஒரு பொருளை 1983-ல் கண்டுபிடித்தார்கள். பரிசோதனைச் சாலையில் அது சூரப்புலி. ஆயிரக்கணக்கான லிட்டர் ஓடும் இடத்தில் அதைத் தாக்குப்பிடிக்க வைப்பது லேசுப்பட்ட வேலை அல்ல.

இத்தனை தொல்லை எதற்கு என்று சிலர் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கலரைப் போக்கிவிடுகிறார்கள். தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதற்கென்றே உள்ள மருந்து. அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போனால் பட்டாளம் கூண்டோடு காலி. சாயக் கழிவோடு குளோரின் சேர்ந்தால் புதுசு புதுசாக வேறு நச்சுப் பொருள்களும் உண்டாகும்.

உப்பு: இங்கேதான் கிருமி தோற்கும்

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதாரண உப்போ, கிளாபர் உப்போ போடுவார்கள். கரும் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரை உப்பு விழும். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான்! சாயம் துணியில் கொஞ்சமாவது ஒட்டும். உப்பு கொஞ்சமும் ஒட்டாது. போட்டது அத்தனையும் அப்படியே சாக்கடைக்கு வரும்.

இந்த உப்பைத் தின்னும் கிருமி கிடையாது. இனியும் வராது. கிருமி தின்பது கரிச்சத்து உள்ள பொருள். அதை உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும். உப்பில் உடைக்க என்ன இருக்கிறது? உப்புத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு சாயத்தைத் தின்னும் கிருமிகள் உண்டு. ஆனால் அவை வேலையை முடித்த பிறகும் உப்பு அப்படியே இருக்கும்.

திருப்பூர் கதி ஊருக்கே தெரியும். நொய்யல் ஆற்றில் ஓடிய சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. விவசாயத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அணை. கடைசியில் "அணையைத் திறக்காதீங்க" என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது! தென்னை காய்ந்தது. கிணறு கரித்தது. வழக்கு நடந்தது. 2011-ம் ஆண்டு ஜனவரி மாதம், 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது.

அதற்குப் பிறகு அங்கே பட்டறைகள் திறக்கப்பட்டது ஒரு நிபந்தனையில்தான். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது. முதலில் கிருமித் தொட்டி. அங்கே சாயமும் அழுக்கும் குறையும். பிறகு சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்திப் பிழியும் 'ஆர்.ஓ.' எந்திரம். தெளிந்த தண்ணீர் மறுபடியும் பட்டறைக்கே போகும். மிஞ்சும் கரிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து உப்பை எடுப்பார்கள். சில பொது நிலையங்களில் அந்தக் கரிக்கும் தண்ணீரையே சுத்தம் செய்து சாயம் போடத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கிருமித் தொட்டி சரியாக வேலை செய்யாவிட்டால் ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொள்ளும். சவ்வு ஒவ்வொன்றும் விலை கூடியது. ஆகவே கிருமி தேவைதான். ஆனால் அது முதல் ஆள். கடைசி ஆள் அல்ல.

இதற்கெல்லாம் காசு? நாலு தொட்டி வைத்து நூலுக்குச் சாயம் போடுகிற சின்னப் பட்டறைக்காரரால் ஆர்.ஓ.வும் கொதிகலனும் வாங்க முடியாது. பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தால்தான் கட்டும். அதற்கு முதலில் பட்டறைக்கு அனுமதி இருக்க வேண்டும். ஆற்றுக்கு அருகில் அனுமதி கிடையாது. இடம் மாற வேண்டும். மாறக் காசு இல்லை. ஆகவே ராத்திரி வேலை! பட்டறையை இடித்தால் அங்கே கூலிக்கு நிற்கிறவருக்கும் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதே கூலிக்காரர் வீட்டுக் குழாயிலும் கிணற்றிலும் வருவது அந்தத் தண்ணீர்தான்.

பவுடர் வியாபாரம்

கிருமியை வைத்து வியாபாரம் என்றால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற வங்காளி விஞ்ஞானி அமெரிக்காவில், எண்ணெயைத் தின்னும் ஒரு கிருமியை உருவாக்கினார். 'என் சரக்கு இது' என்று காப்புரிமை கேட்டார். 'உயிருள்ளதற்குக் காப்புரிமையா?' என்று அதிகாரிகள் மறுத்தார்கள். 1980-ம் ஆண்டு ஜூன் மாதம் 5 நீதிபதிகள் அவருக்கு ஆதரவாகவும் 4 பேர் எதிராகவும் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் ஜெயித்தார். ஆனால் வேடிக்கை, அந்தக் கிருமி கடலில் கொட்டிய எண்ணெயைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தப்படவே இல்லை! 1989-ல் அலாஸ்காவில் எண்ணெய்க் கப்பல் தரை தட்டியபோது, கரையில் உரம் தெளித்து, அங்கேயே இருந்த உள்ளூர்க் கிருமிகளைத்தான் ஊக்கப்படுத்தினார்கள்.

ஜப்பானில் ஒக்கினாவா தீவைச் சேர்ந்த பேராசிரியர் தெருவோ ஹிகா 1980-களில் பிரபலப்படுத்திய 'ஈ.எம்.' கலவையும் உலகம் சுற்றியது. தயிர்க் கிருமி, ஈஸ்ட், வெளிச்சத்தில் வாழும் கிருமி எல்லாம் சேர்ந்த கலவை அது. எருவுக்கும் நாற்றம் போக்கவும் பலர் பயன்படுத்துகிறார்கள். மலேசியாவில் பினாங்கில் 2009-ல் இதைக் களிமண்ணில் பிசைந்து உருண்டை பிடித்து லட்சக்கணக்கில் தண்ணீரில் எறிந்தார்கள். ஆறு, ஏரிகளில் இதன் பலன் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

ஓடுகிற ஆற்றில் பவுடர் கொட்டினால் என்ன நடக்கும்? தண்ணீரோடு போய்விடும். ஆற்றில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது. குறைவது கிருமி அல்ல, காற்றும் நேரமும்தான். அந்த இரண்டும் எந்தப் பாக்கெட்டிலும் வராது. புதிதாகத் தொடங்கும் தொட்டிக்கு விதைக் கிருமி வேண்டும் என்றால் பவுடர் பயன்படலாம். நன்றாக ஓடும் வேறொரு நிலையத்துச் சேறோ, கரைத்த சாணியோ கூட அந்த வேலையைச் செய்யும்.

வீட்டுக்குள் ஒரு நிலையம்

பட்டறைக்காரரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. ஊர்ச் சாக்கடையும் ஆற்றுக்குத்தானே போகிறது! வீட்டுக் கக்கூஸ் 'செப்டிக் டேங்க்' கூட ஒரு கிருமித் தொட்டிதான். காற்றில்லாத கிருமி உள்ளே உட்கார்ந்து மலத்தைக் கரைக்கிறது. பளபளப்புக்காக வாரம் தவறாமல் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் உள்ளே இருக்கிற பட்டாளம் சாகும். டேங்க் சீக்கிரம் நிரம்பும். லாரிக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று யாரும் கேட்பதில்லை!

கலரைப் பார்க்காதே, அளந்து பார்

ஆற்றில் விடும் கழிவுக்கு இரண்டு முக்கிய அளவுகள் உண்டு. ஒன்று 'பி.ஓ.டி.'. அழுக்கைத் தின்னக் கிருமிக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்ற கணக்கு. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. குளிக்கிற ஆற்றில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது. நம் நாட்டு முறைப்படி இதைக் கண்டுபிடிக்க 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். திறந்துவிட்ட தண்ணீர் அதற்குள் முக்கொம்பைத் தாண்டினாலும் தாண்டிவிடும்.

இன்னொன்று 'டி.டி.எஸ்.', கரைந்த உப்பின் அளவு. கழிவுக்கு 2100 மில்லிகிராம் வரைதான் அனுமதி. இதை அளக்க 3 நாள் வேண்டாம். பேனா மாதிரி ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் உடனே எண் காட்டும். குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அமீன் இருக்கிறதா, வேறு நச்சு இருக்கிறதா என்று அந்தப் பேனா சொல்லாது. அதற்கு மாதிரி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் நோய்க் கிருமி சாகும். உப்பு சாகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகி, பாத்திரத்தில் உப்பு இன்னும் கெட்டியாகத்தான் நிற்கும்.